மலைவேடர் இட்ட தேனும் தினைமாவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத் திருத்தேரை ஸேவிக்கக் காரமடை க்ஷேத்ரத்திற்கு வரும் பக்தகோடிகள் பல திசைகளிலிருந்தும் வந்து சேருகின்றனர். கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் மார்க்கமாக ரயிலிலும் பேருந்திலும் வருவோர் ஒருபுறம். வெள்ளியங்காடு, பில்லூர்ப் பக்கத்து மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி வரும் இருளர் முதலான மலைக்குடியினர் மற்றொருபுறம். தேரோடும் வீதியில் இவ்விரு சாராரும் தோளோடு தோள் உரச நிற்கையில், "மலையிலிருந்து வந்திருக்கிறார்கள், பாவம், இவர்களுக்கும் ஒரு பிடி ப்ரஸாதம் கொடுங்கள்" என்று சொல்லும் நல்ல உள்ளங்களும் உண்டு. அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையைப் புரட்டிப் பார்த்தால், கடன்பட்டிருப்பது மலையன்று, நாடே என்பது விளங்கும். அக்கடன் எவ்வாறு ஏற்பட்டது என்பதை இத்திருநாளில் நினைவு கூர்வது பொருத்தமாகும்.

உடையவர் என்றும் எம்பெருமானார் என்றும் கொண்டாடப்பெறும் ஸ்ரீராமாநுஜர் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்த காலம் 1017 முதல் 1137 வரை என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. அவர் திருவரங்கத்தில் தர்சனம் நிர்வஹித்து வந்த நாளில் சோழ அரசன் ஒருவனால் பெரிய இடர் நேர்ந்தது. அவன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்தாரல்லர். குருபரம்பரை நூல்கள் கிருமிகண்டன் என்று ஒரு பெயரைச் சொல்லி, அவ்வளவில் அவனை விட்டு நகர்ந்துவிடுகின்றன. அவனுக்கு அதற்குமேல் இடம் கொடுக்க வேண்டியதில்லை என்பது பெரியோரின் திருவுள்ளம் போலும். அரசனுடைய ஆட்கள் மடத்தைத் தேடி வந்தபோது கூரத்தாழ்வான் உடையவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, பெரியநம்பிகளுடன் அரசவைக்குப் புறப்பட்டார். அங்கே அவர் தம் திருக்கண்களை இழந்ததும், பெரியநம்பிகள் திருமேனி தளர்ந்து வழியிலேயே பரமபதித்ததும் அன்பர்கள் அறிந்தவை.

உடையவரோ வெள்ளை வஸ்த்ரம் உடுத்து, முதலிகள் சிலர் சூழ, மேற்கு நோக்கி நடந்தார். கையில் த்ரிதண்டம் இல்லை. மேனியில் காஷாயம் இல்லை. ஆசார்ய பீடத்துக்குரிய அடையாளம் ஒன்றுகூட இல்லாமல், ஊரை விட்டுப் பெயர்ந்து செல்லும் ஏழைக் கூட்டம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே அவர்கள் தோன்றியிருப்பார்கள். பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவமும், அதை அடியொற்றிப் பெரியோர் சொல்லிவரும் வார்த்தைகளும் காட்டுகிறபடி, ஆறு நாள் அன்ன ஆகாரமின்றிக் காட்டு வழியிலே நடந்தார்கள். கல்லும் முள்ளும் காலைக் கிழித்தன. நீலகிரிச் சாரலை அணுகிய இரவிலே மழையும் காற்றும் சேர்ந்துகொண்டன. வழி தவறியது. அப்பொழுது மலையடியில் ஒரு நெருப்பு வெளிச்சம் தெரிந்தது.

மலைநாட்டு வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த நெருப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தினையும் சாமையும் ராகியும் விளையும் கொல்லைகளில் காட்டுப்பன்றியும் யானையும் இறங்காதபடி இரவு முழுவதும் தீ மூட்டிக் காவல் இருப்பது மலைக்குடிகளின் வழக்கம். தங்கள் பயிரைக் காக்க அவர்கள் மூட்டிய தீ, தர்சனத்தைக் காக்க வந்தவருக்கு வழிகாட்டும் விளக்காயிற்று.

வேடர்கள் இருட்டிலிருந்து வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார்கள். அரசனுடைய ஆட்கள் தேடும் நாள் அது; அந்நியரை ஒதுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. குளிர்ந்து நடுங்கியவர்களை நெருப்பருகே இருத்தினார்கள். பிறகு கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து வருகிறீர்கள்? கோத்ரம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்றும் கேட்கவில்லை. திருவரங்கத்திலிருந்து வருகிறோம் என்று முதலிகள் சொன்னதுதான் தாமதம். எங்கள் எம்பெருமானார் க்ஷேமமாக இருக்கிறாரா என்று வேடர்கள் பதறிக் கேட்டார்கள்.

முதலிகள் திகைத்துப் போனார்கள். இந்தக் காட்டில் வாழ்பவர்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று வினவ, தாங்கள் நல்லானுடைய அடியார்கள் என்றும், எம்பெருமானார் திருவடிகளே தஞ்சம் என்று நல்லான் தங்களுக்கு உபதேசித்துப் போனார் என்றும் வேடர்கள் சொன்னார்கள். வெள்ளை வஸ்த்ரத்தில் அமர்ந்திருப்பவரே அவர் என்று முதலிகள் காட்டியபோது, அவர்கள் அடியற்ற மரம்போல் விழுந்து ஸேவித்தார்கள். தேனும் தினைமாவும் கொண்டுவந்து இட்டார்கள். ஆறு நாள் பட்டினி கிடந்த அந்த அடியார் கூட்டம் பசியாறிற்று.

இங்கே நல்லானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. நல்லான் சக்கரவர்த்தி என்னும் அப்பெரியவர் காஞ்சிப் புறத்தைச் சேர்ந்தவர். ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த ஓர் உடலை அவர் கண்டார். தோளில் சங்கு சக்கரப் பொறி இருந்தது. யாருடைய உடல், எந்த வர்ணத்தார் என்று ஆராயாமல், பாகவதன் என்ற ஒன்றையே கொண்டு கரையேற்றி, தம் உறவினர்க்குச் செய்வது போலவே ஸம்ஸ்காரம் செய்தார். ஊர் அவரை விலக்கி வைத்தது. ஊருக்கு அவன் ஆகாதவனாக இருக்கட்டும், நமக்கு அவன் நல்லவன் என்று பேரருளாளப் பெருமாள் அருளியதால் அப்பெயர் நிலைத்தது என்பது ஐதிஹ்யம். ஆற்றோடு போகிற பிணத்தையும் தம் வாசலுக்கு வந்த அதிதியாகக் கொண்டவர் அவர். அவர் கைபட்ட மாணாக்கர்கள் மழையில் வந்தவர்களை வேறு எப்படித்தான் வரவேற்பார்கள்?

தேனையும் தினையையும் எளிய உணவென்று எண்ணிவிடலாகாது. மலைத்தேன் மலைப்பாறையின் விளிம்பிலே, ஆளை விழுங்கும் பள்ளத்துக்கு மேலே பெரிய அடைகளாகத் தொங்குவது. காட்டுக்கொடிகளைத் திரித்து ஏணியாக்கி, இரவில் புகை மூட்டி, உயிரைப் பணயம் வைத்து இறங்கி எடுக்க வேண்டும். இருளரும் குறும்பரும் இன்றும் பூசை செய்த பின்னரே அந்த வேலையில் இறங்குகின்றனர். தேன் எடுக்கும் பருவம் கோடை. உடையவர் வந்த இரவோ மழை இரவு. மழைக்காலம் காட்டு மக்களுக்குக் கையிருப்பைச் சிறிது சிறிதாகச் செலவிடும் காலம். ஆகவே அன்று இடப்பட்டது மிஞ்சிய பொருளன்று. தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அடுத்த மாதத்துச் சாப்பாடு. மேலும் ஒரு நுட்பம் உண்டு. தினைமாவும் தேனும் அடுப்பில் ஏற்றாதவை. சமைத்ததை இட்டால் வந்தவர்கள் தயங்கக்கூடும் என்று உணர்ந்தே, தயக்கத்துக்கு இடமில்லாத பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது. விருந்தினனுடைய கூச்சத்தையும் விருந்து கொடுப்பவன் சுமந்துகொண்டான் என்றால், அது எந்த சாஸ்த்ர பாடசாலையிலும் எளிதில் கற்றுக்கொள்ளக் கூடிய பண்பன்று. (முருகனடியார்கள் தேனும் தினைமாவும் என்றால் வள்ளியை நினைப்பார்கள். மருதமலை உள்ள நாட்டில் அதுவும் இயற்கையே. தினையோ இப்போது பட்டணத்துக் கடைகளில் சிறுதானியம் என்ற பெயரில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. வேடர் அதை விலை பேசாமல் இட்டனர்.)

இதனோடு குகப்பெருமாள் வரலாற்றை ஒட்டிப் பார்த்தால் ஓர் இனிய பொருத்தம் தோன்றும். நாடு துறந்து கங்கைக் கரைக்கு வந்த சக்கரவர்த்தித் திருமகனுக்கு நிஷாதர் தலைவனான குகன் பலவகை உணவுகளைக் கொண்டுவந்தான். வால்மீகி பகவான் சொல்லுகிறபடி, தபஸ்வி வேஷத்தில் இருந்த பெருமாள் அவற்றை ஏற்கவில்லை; குதிரைகளுக்குப் புல் மட்டும் போதும் என்றார். கம்பநாட்டாழ்வாரோ குகன் தேனும் மீனும் கொண்டுவந்ததாகவும், அன்பினால் வந்த அது அமுதினும் சிறந்தது, யாம் உண்டதற்கு ஒப்பானது என்று பெருமாள் சொன்னதாகவும் பாடினார். எப்படிப் பார்த்தாலும் குகனுடைய உணவு அன்று பெருமாளுடைய வயிற்றுக்குப் போகவில்லை. பெருமாள் பாக்கி வைத்த அந்த விருந்து நீலகிரிச் சாரலில் ராமாநுஜ கோஷ்டியின் பசிக்குப் போய்ச் சேர்ந்தது. திருமங்கையாழ்வார் திருவரங்கத்துப் பெருமாளிடம் சரணம் புகும்போது, தமக்குப் பற்றுக்கோடாகக் குகனைத்தான் முதற்பாட்டிலேயே எடுத்துக் காட்டினார் என்பதையும் இங்கு சேர்த்து நினைக்கலாம். பெரிய திருமொழியின் ஐந்தாம் பத்தில் எட்டாம் திருமொழி அது. அரங்கனுக்கும் காட்டு மக்களுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று.

பொழுது விடிந்ததும் வேடர்கள் தங்கள் வேலையை விட்டு உடன் வந்து, காட்டைக் கடத்தி, கொங்கு நாட்டு ஊர்ப்புறத்தில் அவர்களைச் சேர்த்தார்கள். அங்கே ஒரு ப்ராஹ்மண க்ருஹத்தில் தளிகை ஆயிற்று. வேடர் இட்டதைத் தயங்காமல் ஏற்ற முதலிகள், இங்கே தயங்கினார்கள் என்பது குருபரம்பரையில் வரும் சுவையான இடம். இவர்கள் யாரோ, என்ன அனுஷ்டானமோ என்ற ஐயம் அவர்களுக்கு. அந்த வீட்டு அம்மையாரே கொங்குப் பிராட்டி. ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, கணவனோடு பிழைப்புத் தேடித் திருவரங்கத்துக்குச் சென்று ஒரு மாடியிலே குடியிருந்தவர். மாதுகரத்துக்கு எழுந்தருளும் உடையவரை அரசர்களும் வணங்குவதைக் கண்டு, அதற்குக் காரணம் என்ன என்று இறங்கி வந்து கேட்டவர். அவரிடமே த்வயார்த்தம் கேட்டவர். ஊர் திரும்பும் வேளையில் கேட்டது மறந்துபோக, மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, உடையவருடைய திருவடி நிலைகளையும் வாங்கி வந்தவர். பஞ்சத்தில் கொங்கிலிருந்து கோயிலுக்குப் போனவளுடைய வாசலுக்கு, ஆபத்தில் கோயிலே கொங்குக்கு வந்து நின்றது. அந்த அம்மையார் வந்தவர்களின் திருவடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இவை எம்பெருமானார் திருவடிகள் போல் இருக்கின்றனவே, காஷாயம் இல்லையே என்று மயங்கி நின்றாள். வஸ்த்ரம் மாறினாலும் திருவடி மாறவில்லை.

அதன்பின் உடையவர் மைசூர்ச் சீமைக்கு எழுந்தருளியதும், தொண்டனூரிலும் திருநாராயணபுரத்திலும் அவர் செய்தவையும் விரிவாகச் சொல்லத் தக்கவை. இங்கே ஒன்று போதும். மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையை மீட்டு வருகையில் துணை நின்றவர்களை அவர் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்து, திருநாளில் கோயிலுக்குள் வந்து ஸேவிக்கும் உரிமையை ஏற்படுத்தினார். அந்தத் திருவுள்ளத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மலைவேடர் நெருப்பருகே கழிந்த இரவும் அவற்றில் ஒன்று என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் பின்வந்த நூற்றாண்டுகளில் என்ன நடந்தது? வேடர் கையால் தினைமா வாங்கி உயிர் பிழைத்த ஒரு ஸம்ப்ரதாயத்தின் கோயில்களில் எத்தனையோ குடியினர் வெளி வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் ப்ரவேசச் சட்டம் வந்த பிறகே கதவு எல்லோர்க்கும் திறந்தது. உடையவர் பெயரைத் தலைமேல் வைத்துக்கொண்டவர்கள் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்தது. இதை மறைத்துப் பேசுவதால் ஸம்ப்ரதாயத்துக்குப் பெருமை கூடப்போவதில்லை.

அந்த வேடர்கள் இன்றைய எந்தக் குடியினர் என்று நூல் பெயரிட்டுச் சொல்லவில்லை. இருளரா, குறும்பரா என்று வழக்காடுவதில் பயனுமில்லை. ஆனால் இச்சாரலில் வாழும் இருளர்க்கும் அரங்கனுக்கும் உள்ள உறவுக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கோத்தகிரிக்குக் கிழக்கே கோடநாடு காட்சிமுனையில் நின்றால் தெரியும் ரங்கசாமி மலையே சான்று. 1908இல் வெளியான நீலகிரி கெஸட்டியரில் டபிள்யூ. ஃப்ரான்ஸிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி அந்த மலையின் திருவிழாவை எழுதி வைத்திருக்கிறார். காரமடையில் இருந்த ரங்கசாமி தேவியோடு ஊடல் கொண்டு, தனியே மலையேறி வந்து குடியிருந்தார் என்பது மலைமக்கள் சொல்லும் கதை. அவருடைய பாதச் சுவடுகளும் பாறையில் காட்டப்படும். காரமடைத் தேருக்கு இறங்கிச் செல்லும் சிரமத்தைத் தவிர்க்க மலைவாசிகள் கட்டிய கதையாக இருக்கும் என்று அந்த அதிகாரி ஐயப்படுகிறார். ஐயப்படுவது அவர் உத்யோகம். கதையின் ரஸம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த பெருமாளுக்கே இடம் கொடுத்தவர்கள் மலைக்குடிகள். அங்கே பரம்பரைப் பூசாரி ஓர் இருளர். சுனையில் நீராடி, கோவிந்தா கோவிந்தா என்று கூவிக்கொண்டு சிகரம் ஏறி, சங்கு ஊதி, பறை கொட்டி, இரண்டு கல் மூர்த்திகளுக்கு அபிஷேகம் செய்து பூச்சூட்டுவார். இரவில் கல் தொட்டிகளில் நெய் வார்த்து ஏற்றும் ஜோதி பல மைல் தூரம் தெரியும். குடைக்கல் என்னும் பாறையடியில் கிடைக்கும் வெண்மண்ணையே இருளர் அன்று திருமண்ணாகச் சாற்றிக்கொள்வர் என்றும் அந்நூல் கூறுகிறது.

அதே குறிப்பில் இன்னொரு செய்தி: விழா நாளைக் குறிப்பவர்கள் படகர்கள், பூசை செய்பவர் இருளர். படகர் என்ற சொல்லுக்கு வடக்கிலிருந்து வந்தவர் என்பது பொருள். மைசூர்ப் புறத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்பது ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோர் கொள்கை. 1603இல் மலபாரிலிருந்து மலையேறிய ஃபினிஸியோ என்ற யேசுசபைப் பாதிரியார் தோதவர், படகர் இருவரையும் அங்கே கண்டிருக்கிறார். முன்பே இருந்த தோதவர்கள் வந்தவர்களை உழ விட்டார்கள். வந்தவர்கள் ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கைத் தோதவர்களுக்கு அளந்தார்கள். வடக்கர் என்ற பெயர் மலையில் ஒரு குடியின் கௌரவமான பெயராகவே நிலைத்துவிட்டது. சமவெளியில் என்ன நிலை? ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து கோயம்புத்தூர் மில்களிலும் வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களிலும் உழைப்பவர்களை "வடக்கன்" என்று ஒருமையில் விளிக்கும் வாய்கள் இப்போது உண்டு. சொல் ஒன்றுதான், மலையிலிருந்து இறங்குவதற்குள் அதன் மரியாதை தேய்ந்துபோயிற்று. 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து, வேலையும் கூலியும் நின்று, ஊர் திரும்ப வழி தெரியாமல் இத்தொழிலாளர்கள் தவித்ததைக் கொங்கு நாடு கண்ணால் கண்டது. சோறு வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளும் இருந்தன. வாடகை கேட்டு வெளியே நிறுத்திய வீடுகளும் இருந்தன. மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் விடப்பட்டபோது எந்த வீட்டாரை அவர்கள் நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பதை ஊகிக்க ஜோஸ்யம் வேண்டாம்.

மலையின் அதிதி ஸத்காரமோ இன்றும் நிற்கவில்லை. கோயம்புத்தூர் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி பில்லூர் அணையிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி சிறுவாணியிலிருந்து வருகிறது. இரண்டும் இருளர் வாழும் மலைகள். தேர் ஸேவிக்க வந்த இடத்தில் ஒரு குவளை நீர் அருந்துபவர், பெரும்பாலும் அந்த மலை இட்டதைத்தான் அருந்துகிறார். பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் சுற்றுலாவுக்குச் செல்வோரைப் பரிசலில் ஏற்றி, ராகிக்களியும் சோறும் சமைத்துப் போடுபவர்கள் இருளர் மகளிரும் இளைஞருமே. அதற்குக் கட்டணம் உண்டு. வாங்கிக்கொள்ளட்டும், அது அவர்கள் உழைப்பு. அவர்கள் வாழும் காட்டு நிலத்தின்மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல நாட்டுக்கு 2006ஆம் ஆண்டு வரை ஆயிற்று என்பதை மட்டும் களி உண்ணும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இக்கோயிலின் மாசித் திருநாளில் திருக்கல்யாணத்துக்கு முன்பு பெட்டத்தம்மன் அழைப்பு நடைபெறுவதை அன்பர்கள் ஸேவித்திருப்பார்கள். பெட்டம் என்றால் மலை. மலைமக்கள் பேச்சில் வழங்கும் சொல். மலைமேல் எழுந்தருளியிருக்கும் தாயாரைக் கலசத்தில் ஆவாஹனம் செய்து, மேளதாளத்துடன் அழைத்து வந்து, அதன் பிறகே அரங்கனுக்கு மாங்கல்ய தாரணம். ஊடல் கொண்டு மலைக்குப் போனவர் பெருமாள் என்று மலைமக்கள் சொல்கிறார்கள்; திருநாள் க்ரமமோ தாயாரை மலையிலிருந்து அழைக்கிறது. எப்படியாயினும் மணப்பெண் மலை வீட்டுப் பெண். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டார் வந்து இறங்கினால் யார் எழுந்து போய் எதிர்கொள்ள வேண்டும், பந்தியில் அவர்களுக்கு எந்த இலை என்பது இந்நாட்டார்க்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருக்கல்யாணத்தன்று வெள்ளியங்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் பேருந்துகள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடும்.